ஒரு தடவைதான் கேப்பீங்களா?

என்ன தம்பி, டப்பாவை மூடிட்டீங்க?

இல்ல, இல்ல, எனக்கு வேண்டாம். முறுக்குக்காகச் சொல்லல. மதுரை ஸ்டேஷன்லயே நாலு இட்லி, ஒரு வடை ஆச்சு. நான் சொல்றது வேற. “சார், முறுக்கு எடுத்துக்கோங்க”ன்னீங்க. “வேண்டாம் தம்பி”ன்னேன். உடனே டக்குன்னு மூடிட்டீங்க. நெத்தியில திருநீறு, கையில சாமி கயிறு, எல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைதான். ஆனா அந்த மூடி விழுந்த சத்தம் இருக்கு பாருங்க, அது ஹாலந்து சத்தம்.

சிரிக்காதீங்க. மூணு மாசம் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு வந்தவன் நான்.

ஐயோ, மறுபடி திறக்கிறீங்களே, வேண்டாங்க. அட, சொன்னாக் கேக்க மாட்டீங்க போலிருக்கே. சரி, இவ்வளவு வற்புறுத்தறதால ஒண்ணு எடுத்துக்கிறேன். ரெண்டா எடுத்துட்டேனா? இருக்கட்டும். ரெண்டாவது தடவை கேட்டீங்கள்ல, அதுக்குப் பேருதான் மரியாதை.

என் பேரு பரமசிவம். மின்வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். ஆனா அருப்புக்கோட்டைக்கு வந்து போர்மேன் பரமசிவம் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனும் சொல்ல மாட்டான். பந்தி பரமசிவம்னு கேளுங்க, கைக்குழந்தைகூட விரலை நீட்டும். எங்க சொந்தத்துல கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எதுவா இருந்தாலும் பந்தி விசாரிக்கிறது நான்தான். பரிமாற ஆள் கிடைக்கும் தம்பி. விசாரிக்க ஆள் கிடைக்காது. ஒவ்வொரு இலைக்கு முன்னாடியும் நின்னு, “என்ன மச்சான், அப்பளத்தோட நிறுத்திட்டீங்க? பாயசம் வாங்கலையா?”ன்னு கேக்கணும். அது ஒரு வித்தை.

அதுல ஒரு ரகசியம் இருக்கு. உங்களுக்குச் சொல்றேன், வச்சுக்கோங்க. வாளி வரும்போது ஆளுங்க இலைக்கு மேல கையை நீட்டி மறிப்பாங்க. “போதும், வேண்டாம்”பாங்க. வாயைப் பாக்கக் கூடாது. விரலைப் பாக்கணும். அஞ்சு விரலும் ஒட்டி, கை இலை மேல படிஞ்சு இருந்தா, நிஜமாவே போதும், அடுத்த இலைக்குப் போயிரலாம். விரல் விரிஞ்சிருந்தா, அந்தச் சந்துல ரெண்டு கரண்டி இறங்கும்னு அர்த்தம். வாய் வேண்டாங்கும், விரல் வேணுங்கும். முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்கு ஒரு இலை தப்பினதில்ல.

நான் சாப்பிட உக்காந்தாலும் அதே கதைதான். எதைக் கேட்டாலும் முதல்ல வேண்டாம்னுதான் வரும். வளந்த விதம் அப்படி. போன வீட்ல, காப்பி சாப்பிடுறீங்களான்னு கேட்ட உடனே “குடுங்க”ன்னா என்ன நினைப்பாங்க? காணாததைக் கண்டவன்னு நினைக்க மாட்டாங்க? என் சம்சாரம் சௌந்தரம்தான் பக்கத்துல இருந்து சொல்லுவா, “அவரு அப்படித்தான் வேண்டாம்பாரு, நீங்க வைங்க”ன்னு. அவ போய் அஞ்சு வருஷமாச்சு. இப்ப அதைச் சொல்ல ஆளில்ல. அதனாலதான் எல்லா எடத்துலயும் பாதி வயித்தோட எந்திரிக்கிறேன்.

ஒரே பொண்ணு எனக்கு, பொற்கொடி. ஹாலந்துல ஐந்தோவன்னு ஒரு ஊர்ல இருக்கா. ஐந்தோ ஆறோன்னு கேக்காதீங்க, ஊர்ப் பேரே அதுதான். கம்ப்யூட்டர் வேலை. போயி ஏழு வருஷம் ஆச்சு. அங்கயே ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கிட்டா. மாப்பிள்ளை பேரு பாஸ். முப்பத்தாறு வருஷம் ஆபீஸ்ல பாஸுக்குப் பயந்தது போதாதுன்னு வீட்டுக்கும் ஒரு பாஸ் வந்துட்டாரு. நல்ல பையன்தான், குறை சொல்லக் கூடாது. ஆறரை அடி உயரம். எங்க வீட்டு நிலையில தலை இடிக்கும்னு குனிஞ்சு குனிஞ்சே நடந்தாரு, சொந்தக்காரங்க எல்லாம் “எவ்வளவு பணிவான மாப்பிள்ளை”ன்னு உருகிட்டாங்க.

போன வருஷம் மாசியில என்னைக் கூப்பிட்டா. “தனியா என்னப்பா பண்றீங்க, இங்க வந்து மூணு மாசம் இருங்க”ன்னா. வேண்டாம்னேன். ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேட்டா. வேண்டாம்னேன். மூணாவது தடவை போன்ல அழுதுட்டா. சரி, பெத்த பிள்ளை இவ்வளவு கெஞ்சுதேன்னு கிளம்பினேன். அப்ப அவகிட்ட நம்ம ஊர்ப் பழக்கம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஊரு எப்படின்னு கேக்குறீங்களா? சுத்தம். சுத்தத்தை வச்சு என்ன செய்ய? மூணு மாசத்துல ஒரு நிமிஷம் கரண்ட் போகல. ஒரு போஸ்ட் மரம் கிடையாது, எல்லா லைனும் மண்ணுக்குள்ள. எனக்கு நம்பிக்கையே வரல. மத்தியானச் சாப்பாடுன்னு ரொட்டியில வெண்ணெய் தடவி, அது மேல சாக்லேட்டுத் தூள் தூவித் திங்கிறாங்க. பெரிய ஆபீசரும் அதான், பச்சைப் பிள்ளையும் அதான். வீட்டு ஜன்னலுக்குத் திரை போடறதில்ல. தெருவில நடந்தாலே உள்ள யாரு உக்காந்திருக்கா, என்ன சோபா, எல்லாம் தெரியும். ஆனா அந்த சோபாவில போய் உக்காரணும்னா மூணு வாரத்துக்கு முன்னாடி டைரியில எழுதணும். பாக்கிறதுக்கு எல்லாம் திறந்திருக்கு, நுழையறதுக்குத்தான் தேதி வேணும்.

அப்படி மூணு வாரம் டைரியில கிடந்து, ஒரு ஞாயித்துக்கிழமை சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையோட அம்மா. பேரு ஹன்னெக்கெ. என் வாயில அது அன்னக்கான்னுதான் வந்துச்சு. அக்கான்னா மரியாதைதானேன்னு அப்படியே விட்டுட்டேன். புருஷன்காரரு இருபது வருஷத்துக்கு முன்னாடியே பிரிஞ்சு போயிட்டாராம். அதை அந்த அம்மா, இன்னைக்கு மழை வரும் போலிருக்குங்கிற மாதிரி சொல்லுது.

மூணு மணிக்கு வரச் சொல்லியிருந்தா. மூணு மணின்னா டிபன் நேரம். சம்பந்தி வீட்டு முதல் விருந்து வேற. கேசரி, பஜ்ஜி இல்லாட்டியும் ஏதாவது அதுக்குச் சமமா இருக்கும்னு மத்தியானம் அரை வயித்தோட நிறுத்திக்கிட்டேன். உக்காந்த உடனே கேட்டா, “காப்பி?”ன்னு. “நோ, நோ”ன்னேன். “ஓகே”ன்னுட்டா.

ஓகேன்னுட்டா தம்பி! சம்பந்தியைப் பாத்து!

மூணு கப்புல ஊத்தி, மூணு பேரும் குடிக்கிறாங்க. நான் கையை மடியில வச்சுக்கிட்டு சுவத்துல இருந்த படத்தைப் பாக்கிறேன். மாட்டுப் படம். அப்புறம் ஒரு தகர டப்பா வந்துச்சு. ஆளுக்கு ஒரு பிஸ்கட். என்கிட்ட நீட்டினா. “நோ தாங்ஸ், ஜஸ்ட் நவ் ஈட்டிங்”னேன். சிரிச்ச முகமா தலையை ஆட்டிட்டு மூடினா. டக்கு. முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டது அன்னைக்குத்தான். பொற்கொடியைப் பாக்கிறேன். “அப்பா சும்மா சொல்றாரு, குடுங்க”ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவ பிஸ்கட்டைக் காப்பியில முக்கிக்கிட்டு இருக்கா. கொஞ்ச நேரத்துல என் வயிறு கத்துச்சு, எல்லார் காதுலயும் விழுந்துச்சு. அந்த அம்மா ரொம்ப அக்கறையா எந்திரிச்சுப் போயி, பாவம் இவருக்கு வயிறு சரியில்ல போலன்னு ஒரு கிளாஸ் வெந்நீர் கொண்டுவந்து குடுத்துச்சு.

இன்னொண்ணு கேளுங்க. அந்த வீட்டுக் கக்கூஸ்ல, உக்காந்தா கண்ணுக்கு நேரா ஒரு காலண்டர். எல்லாருடைய பிறந்தநாளையும் அதுல எழுதி வச்சிருக்காங்க. ஒவ்வொரு மாசமாப் புரட்டினேன், வேற என்ன வேலை அங்க? ஆகஸ்ட் மாசத்துல புது மையில “பரமசிவம்”னு இருக்கு. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனா என் பேரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எங்க பரம்பரையில ஒருத்தன் பேராவது அப்படியொரு எடத்துல எழுதப்பட்டிருக்குமா? வெளியில வந்து பொற்கொடியைக் கேட்டேன். “அது பெரிய மரியாதைப்பா, குடும்பத்து ஆளுங்க பேரை மட்டும்தான் அதுல எழுதுவாங்க”ங்கிறா. குடும்பத்துல சேத்த எடத்தைப் பாருங்க.

என்ன இருந்தாலும் சும்மா சொல்லக் கூடாது. ஊருக்குத் திரும்பினப்புறம் ஆகஸ்ட்ல என் அறுபத்தேழாவது பிறந்தநாளுக்கு ஒரே ஒரு வாழ்த்து அட்டை தபால்ல வந்துச்சு. அந்த அம்மா அனுப்பினது. நான் கை நனைக்க வச்ச ஊர்ச்சனம் ஒருத்தனுக்கும் ஞாபகமில்ல. எல்லாம் கக்கூஸ்ல எழுதி வச்ச புண்ணியம்.

சரி, விருந்துக்கு எதிர்விருந்து வைக்கணும்ல? உபசாரம்னா என்னன்னு காட்டணும்னு அந்த அம்மாவைக் கூப்பிட்டோம். மறுபடி டைரி, மறுபடி மூணு வாரம். நானே சமைச்சேன். சாம்பார், அவியல், ரெண்டு பொரியல், வடை, சேமியா பாயசம். இலை கிடைக்கல, தட்டுதான். நான் உக்காரல. தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு விசாரிக்க ஆரம்பிச்சேன்.

நல்லாத்தான் சாப்பிட்டா. தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்காம வழிச்சுச் சாப்பிட்டா. அங்க தட்டுல மிச்சம் வச்சா சமைச்சவங்களுக்கு மரியாதையில்லையாம். எனக்கு, தட்டு காலியா இருந்தா மரியாதையில்ல. அவ காலி பண்ண, நான் நிரப்ப, அவ காலி பண்ண, நான் நிரப்ப. அவ மரியாதையும் என் மரியாதையும் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுச்சு. அந்த அம்மா முகம் தக்காளி மாதிரி ஆயிருச்சு. “நோ, தேங்க்யூ”ன்னா. அதெல்லாம் நான் காதுல வாங்குற ஆளா? கடைசியில பாயசத்தைக் கொண்டுபோனேன். கையை நீட்டித் தட்டை மறிச்சா. நான் பாத்தேன், விரலு நல்லா விரிஞ்சிருக்கு. ஆஹா, மனுஷ ஜாதி எல்லாம் ஒண்ணுதான்யான்னு சந்தோஷத்தோட அந்தச் சந்துல ஒரு கரண்டி விட்டேன்.

சூடு ஒண்ணும் அவ்வளவு இல்ல தம்பி. அவங்க தோலு அப்படி.

கையை உதறிக்கிட்டு எந்திரிச்சா. கத்தல, திட்டல. என் முகத்தை நேராப் பாத்து இங்கிலீஷ்ல நிதானமாக் கேட்டா. “நான் அஞ்சு தடவை வேண்டாம்னு சொன்னேன். நான் சொல்றதை நீங்க ஏன் நம்ப மாட்டேங்கிறீங்க?” அப்படின்னு. சாப்பாட்டுக்கும் நம்பிக்கைக்கும் என்னங்க சம்பந்தம்? நான் என்ன கோர்ட்லயா கேட்டேன்?

அந்த அம்மா போனப்புறம் பொற்கொடி சமையல்கட்டுல வச்சு என்னைப் பிடிச்சுக்கிட்டா. “அப்பா, இங்க வேண்டாம்னா வேண்டாம். வேணும்னா வேணும். அவ்வளவுதான்”னா.

“அப்ப எனக்குக் காப்பி வேணும்னா?”

“வேணும்னு சொல்லணும்.”

“வெக்கங்கெட்ட ஊரும்மா இது”ன்னேன். “நம்ம பக்கம் ஒருத்தன் வேண்டாம்னா அவன் மனசைப் படிக்கணும். அதுக்குப் பேருதான் பண்பாடு”ன்னேன்.

அவ பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே, என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம சொல்றா: “அம்மா வேண்டாம்னப்ப நீங்க எத்தனை தடவைப்பா கேட்டீங்க?”

அது ஒண்ணுமில்ல தம்பி, பழைய விஷயம். சௌந்தரம் அன்னைக்குக் காலையில நெஞ்சு கரிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு கேட்டேன். “வேண்டாங்க, வாயுதான், நீங்க கிளம்புங்க”ன்னா. மூணாவது தெருவுல கல்யாணம், முதல் பந்திக்கு நான் நிக்கணும். சரின்னுட்டுப் போயிட்டேன். முன்னூறு இலை விசாரிச்சேன் அன்னைக்கு. திரும்பி வந்தப்ப... அதை விடுங்க. அதுக்கும் பாயசத்துக்கும் என்ன சம்பந்தம்? எதையோ பேசினா எதையோ இழுக்கிறா. அந்த ஊர்த் தண்ணி அப்படி ஆக்கிருச்சு அவளை.

இது விருத்தாச்சலமா? தாண்டிருச்சா? சரி, சரி. நான் தாம்பரத்துல இறங்கணும். இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, மிதிச்சிராதீங்க. பொற்கொடிக்குத்தான். ஆமா, முழுகாம இருக்கா. அடுத்த மாசக் கடைசியில தேதி குடுத்திருக்காங்க. அவகூட வேலை பாக்கிற பையன் ஒருத்தன் லீவுக்கு வந்திருக்கான், நாளைக்கு ப்ளேன் ஏறுறான். அவன்கிட்டக் குடுத்தனுப்பத்தான் போறேன். கண்ணாடி வளையல் ரெண்டு டஜன், வசம்பு, சுக்கு, கருப்பட்டி, பிரசவ லேகியம் ஒரு பாட்டில். “ரெண்டு கிலோவுக்கு மேல வேண்டாம் அங்கிள்”னு சொன்னான். வேண்டாம்னுதான் சொல்லுவான், மரியாதைப்பட்ட பையன். நாலரை கிலோ கட்டியிருக்கேன்.

நானே கொண்டு போயிருக்கலாமேங்கிறீங்களா?

போயிருக்கலாம்தான். அஞ்சாவது மாசம் போன் பண்ணினா. “அப்பா, பிரசவத்துக்கு நீங்க வரீங்களா? பாஸ் டிக்கெட் போடறேங்கிறான், மாடியில ரூம் சும்மாதான் இருக்கு”ன்னா. வாய் பாட்டுக்கு ஒரு பக்கம் ஆரம்பிச்சிருச்சு. “எனக்கு எதுக்கும்மா, உங்களுக்குச் சிரமம். ஆம்பள நான் வந்து என்ன பண்ணப் போறேன்? அதெல்லாம் வேண்டாம்”னேன்.

“சரிப்பா”ன்னா.

அவ்வளவுதான். “சரிப்பா.” டக்கு.

நான் பெத்த பொண்ணு தம்பி. மூணு தடவை கேட்டு அழுத பொண்ணு. ஒரே ஒரு தடவை கேட்டுட்டு மூடிட்டா.

அடுத்த வாரம் கேப்பான்னு இருந்தேன். மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போயி விசாவுக்குப் போட்டோ எடுத்துட்டேன். காது ரெண்டும் தெரியணும், சிரிக்கக் கூடாது, அதெல்லாம் தெரியும் எனக்கு. இதோ, சட்டைப் பையிலயே இருக்கு பாருங்க. ஸ்வெட்டரையும் வெயில்ல காயப்போட்டு எடுத்து வச்சேன். கேக்கல. வாராவாரம் போன் பண்ணுவா, நல்லாத்தான் பேசுவா. குழந்தை உதைக்குதுப்பாங்கிறா, தொட்டிலுக்குப் பெயின்ட் அடிச்சோம்ப்பாங்கிறா. இதை மட்டும் கேக்கல. நானும் ஜாடையாச் சொல்லிப் பாத்தேன். “இங்க வெயில் தாங்கல, எங்கயாவது குளிர்ச்சியான எடத்துக்குப் போகலாம்னு இருக்கு”ன்னேன். “கொடைக்கானல் போயிட்டு வாங்கப்பா”ன்னா.

அன்னக்கா என்ன பண்ணிருக்கா தெரியுமா? யாரும் கூப்பிடல. அவளாவே போயி, “குழந்தை பிறக்கும்போது நான் இருக்கணும், எனக்கு ரொம்ப வேணும்”னு கேட்டிருக்கா. கேட்ட உடனே டைரியில எழுதிட்டாங்க. பத்து நாள் தங்கப் போறா. அந்த மாடி ரூம்ல. குழந்தை பிறந்தா அங்க ரஸ்க் மேல சோம்பு மிட்டாயைத் தூவி வர்றவங்களுக்குக் குடுப்பாங்களாம், ஆளுக்கு ஒண்ணு. அந்தத் தட்டையும் அவதான் நீட்டப் போறா. பந்தி விசாரிக்கத் தெரியாதவ என் பேரப்பிள்ளைக்கு முதல் பந்தி விசாரிக்கப் போறா. இந்தப் பந்தி பரமசிவம் அருப்புக்கோட்டையில உக்காந்து போட்டோ வரும்னு போனைப் பாத்துக்கிட்டு இருக்கணும்.

எனக்கு அந்தக் குழந்தையை முதல் நாளே கையில வாங்கணும் தம்பி. வேற என்ன இருக்கு எனக்கு?

என்னது? இதை அப்படியே அவகிட்டச் சொல்லவா? இப்பவா? விசாவுக்கு இன்னும் நேரம் இருக்குங்கிறீங்களா? அது இருக்கும்... வேண்டாம் தம்பி. நானா எப்படிக் கேப்பேன்? எனக்கு வேணும்கிற வார்த்தை இந்த வாயில வந்து பழக்கமில்ல. அதை அவ புரிஞ்சுக்கணும். உங்க போன்லயே போட்டுத் தரீங்களா? அட, எதுக்கு உங்களுக்குச் சிரமம். நம்பரா? நம்பர் இந்தப் போட்டோ பின்னாடியே எழுதியிருக்கு, முன்னாடி ரெண்டு சைபர் சேத்துக்கோங்க. அங்க இப்பக் காலை எட்டு, எட்டேகால் இருக்கும். எந்திரிச்சிருப்பா, லீவு நாள்தான். ஆனா வேண்டாம். சொன்னாக் கேளுங்க, போடாதீங்க. வேண்டாம்னா வேண்டாம்.

என்ன தம்பி, போனைப் பையில வச்சிட்டீங்க?

மதுரையிலேருந்து இவ்வளவு நேரம் நான் யாருக்குக் கதை சொன்னேன்? என் வாயை ஏன் பாக்குறீங்க? இதோ, மறிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். கையைப் பாருங்க. விரலைப் பாருங்க தம்பி, விரலைப் பாருங்க.